மூளை, நரம்பு நோய்களுக்கு ஆன்டிஆக்சிடன்ட்: எந்த நோய்க்கு எது, எதற்குத் தேவையே இல்லை

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை எந்த மருந்துக் கடையில் ‘நரம்பு மாத்திரை’ கேட்டாலும் நான்கைந்து வகை எடுத்து வைப்பார்கள். சர்க்கரை நோயில் கால் எரிகிறவருக்கும், கை நடுங்குகிறவருக்கும், பெயர்கள் மறந்துபோகிற பெரியவருக்கும் பல நேரம் ஒரே அட்டைதான் போகிறது. அட்டையின் பின்புறம் ‘ஆன்டிஆக்சிடன்ட்’, அதாவது ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள், என்று போட்டிருக்கும். அது பொதுவாக நல்லதா என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. எந்த நோய்க்கு, எத்தனை மில்லிகிராம், எத்தனை மாதம் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு நோயில் பயன் தந்த அதே பொருள் இன்னொரு நோயில் வெறும் செலவு, வேறொன்றில் தீங்கு.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அந்த ஆக்சிஜனில் சிறு பகுதி, செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு என்ற ரேடிக்கலாகக் கசிகிறது; பக்கத்தில் இருப்பதைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுக்கு ரேடிக்கல் என்று பெயர். சூப்பராக்சைடை எஸ்.ஓ.டி. என்ற நொதி ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். கேட்டலேஸும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்கி முடித்துவைக்கும். முடிப்பதற்குள் பெராக்சைடு இரும்பைச் சந்தித்துவிட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. கொழுப்பு, புரதம், மரபணு என்று எதையும் அது விட்டுவைக்காது. மூளையில் இரும்பு உண்டு, எளிதில் கெட்டுப்போகும் வகைக் கொழுப்பு ஏராளம், கேட்டலேஸோ குறைவு. நரம்பு நோய்களில் ஆக்சிஜனேற்றச் சேதம் தென்படுவதற்குக் காரணம் இதுதான். இந்த அறிவியலில் சந்தேகம் எதுவும் இல்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. சேதம் இருக்கிறது என்பதால் மாத்திரை விழுங்கினால் சேதம் நிற்கும் என்று ஆகிவிடாது. ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறந்த இடத்திலேயே, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதற்குள், பக்கத்தில் இருப்பதைத் தாக்கிவிடும். விழுங்கிய வைட்டமின் அந்த இடத்தில், அந்த நொடியில், போதுமான அளவில் நிற்க வேண்டும். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டியாக வேண்டும். அறிகுறி தெரியும் நாளில் நோய் பல வருடம் உள்ளே ஓடி முடித்திருக்கும் என்பது இன்னொரு தடை. தவிர, இந்த ரேடிக்கல்கள் முழுக்க எதிரிகளும் அல்ல. உடற்பயிற்சியின்போது அவை அளவாகப் பிறப்பதால்தான் உடல் தன் சொந்த எதிர்ப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது. 2009-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், தினம் 1000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் சாப்பிட்டவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காலையில் நடந்துவிட்டு வந்து உடனே காப்ஸ்யூல் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயில் கால் எரிச்சல்

அதிகம் பேர் பணம் செலவழிப்பதும், தேர்வு உண்மையிலேயே கடினமாக இருப்பதும் இங்கேதான். பாதத்தில் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற வலி. இதற்கு ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்ற ஆன்டிஆக்சிடன்ட்டை ஜெர்மனியில் பல ஆண்டுகளாக மருந்தாகவே தருகிறார்கள். 2006-ல் வெளியான சிட்னி-2 ஆய்வில் தினம் 600, 1200, 1800 மி.கி. என மூன்று அளவுகளை ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றும் எரிச்சலையும் வலியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைத்தன. அளவு கூடக் கூடக் குமட்டல்தான் கூடியது. எனவே 600-க்கு மேல் போவதில் அர்த்தமில்லை. நாலு வருடம் நடந்த நேதன்-1 ஆய்வில் முதன்மை அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை, துணை அளவுகோல்கள் சிலவற்றில் மட்டும் முன்னேற்றம் இருந்தது. 2024-ல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வோ, ஆறு மாதக் கணக்கில் பார்த்தால் அறிகுறிகளில் பெரிய மாற்றம் இருக்க வாய்ப்பில்லை என்று முடித்தது.

நம் ஊர்க் கடைகளில் பரவலாகப் போகும் கூட்டு மாத்திரையில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகை 1500 மைக்ரோகிராமோடு ஆல்ஃபா லிபோயிக் அமிலம் 100 மி.கி.தான் இருக்கிறது, கூடவே ஃபோலிக் அமிலம், பைரிடாக்சின் என்ற பி6. ஆய்வில் பயன்பட்டது இதைப்போல ஆறு மடங்கு. ‘ஆறு மாசமா சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகல’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஆய்வு செய்த மருந்தைச் சாப்பிடவே இல்லை. அதற்காக நாளைக்கு ஆறு மாத்திரை போட்டால் பி6-உம் ஆறு மடங்கு ஏறும். வேறு பி-காம்ப்ளெக்ஸ் ஒன்றும் சேர்ந்துகொண்டால் கணக்கு எங்கோ போய்விடும். பி6 நாளைக்கு 100 மி.கி.க்கு மேல் மாதக்கணக்கில் போனால் அதுவே பாத நரம்பைக் கெடுத்து அதே மதமதப்பைக் கொண்டுவரும். சிலருக்குக் குறைந்த அளவிலும் வந்திருக்கிறது. மருந்தே நோயாகிறது, நோய் கூடிவிட்டதென்று மருந்தைக் கூட்டுகிறார்கள்.

எங்கள் தேர்வு இப்படி. முதலில் எந்த மாத்திரையும் தொடங்கும் முன் ரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைவது சகஜம். அந்தக் குறைவே கால் எரிச்சலுக்குக் காரணமாக இருக்கலாம். கூட்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பார்த்தால் அளவு போலியாக உயர்ந்து தெரியும். பி12 குறைவென்றால் அதைத் தனியாகச் சரிசெய்யலாம். அந்த மாத்திரையும் ஊசியும் விலை மலிவு. பி12 சரியாக இருந்தும் எரிச்சல் இருந்தால், வலியைக் குறைக்கத் துலாக்செடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றுக்குத்தான் ஆதாரம் வலு. ஆல்ஃபா லிபோயிக் அமிலத்தை முயன்றே பார்க்க வேண்டுமென்றால், அது மட்டும் தனியாக உள்ள மாத்திரையைக் கேட்டு வாங்கி, நாளைக்கு 600 மி.கி., காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில். உணவோடு போனால் உடலில் சேர்வது குறையும். தொடங்குவதற்கு முன் எரிச்சலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று காலண்டரில் எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு மதிப்பெண்ணாவது இறங்காவிட்டால் நிறுத்திவிடலாம். இன்சுலின் போடுபவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். அரிதாக, இந்த அமிலம் இன்சுலினுக்கு எதிரான தற்காப்புக் கோளாறைத் தூண்டித் தாழ்சர்க்கரையை உண்டாக்கியதாகப் பதிவுகள் உண்டு.

மாத்திரைக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியைப் பாதத்துக்குக் கொடுக்கலாம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது சில நிமிட வேலை. அந்த இழை பட்டதே தெரியாதவர் ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் கோட்டை மாரியம்மன் கோவிலைச் சுற்றி வெயிலில் வெறுங்காலோடு நடந்தால், கொப்புளம் வந்ததே மறுநாள்தான் தெரியும். ஜவ்வரிசி உப்புமாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்து மரவள்ளிக்கிழங்கு மாவு முழுக்க முழுக்க ஸ்டார்ச்; இட்லியை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுவது சர்க்கரைக்கு எந்தச் சலுகையும் அல்ல. நரம்பில் ஆக்சிஜனேற்றச் சேதத்தை மூட்டிவிடுவதே ஏறிய சர்க்கரைதான். அதை இறக்காமல் விழுங்கும் ஆன்டிஆக்சிடன்ட்டுக்கு ஓயாத வேலை.

மறதி நோய்

அல்சைமரில் வைட்டமின் இ-க்கு ஒரு சிறிய, உண்மையான இடம் இருக்கிறது. 2014-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 613 பேரிடம் நடந்த ஆய்வில், ஆரம்ப, நடுத்தர நிலை அல்சைமர் உள்ளவர்களுக்கு நாளைக்கு 2000 யூனிட் கொடுத்தார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாடச் செயல்களின் சரிவு சராசரியாக ஆறு மாதம் தள்ளிப்போனது. பார்த்துக்கொள்கிறவருக்கும் வேலை குறைந்தது. ஞாபகத் தேர்வுகளில் வித்தியாசம் இல்லை. மெமான்டின் என்ற மறதி நோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பலனும் இல்லை. மெமான்டின் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிற வீட்டில் வைட்டமின் இ-யைச் சேர்க்கும் முன் இதை மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

நோய் முற்றாத ‘லேசான மறதி’ நிலையில் இதே 2000 யூனிட்டை மூன்று வருடம் கொடுத்த 2005 ஆய்வில் பலன் ஒன்றும் தெரியவில்லை. வராமல் தடுக்கும் என்று ஆரோக்கியமாக இருப்பவர் சாப்பிடுவதற்கு ஆதாரமே இல்லை. கலவைகளோ இன்னும் மோசம். 2012-ல் வைட்டமின் இ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம் மூன்றையும் சேர்த்து அல்சைமர் நோயாளிகளுக்கு 16 வாரம் கொடுத்தார்கள். தண்டுவட நீரில் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அடையாளம் குறைந்தது. அதே நேரம் அறிவுத்திறன் மதிப்பெண் வேகமாக இறங்கியது. பரிசோதனைத் தாளில் எண் நன்றாக இருப்பதும் மனிதர் நன்றாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கடையில் கிடைக்கும் 400 மி.கி. காப்ஸ்யூல் செயற்கை வகை டோக்கோபெரில் அசிடேட். அதில் ஒரு மி.கி. ஒரு யூனிட்டுக்குச் சமம். ஆய்வின் அளவுக்கு நாளைக்கு ஐந்து வேண்டும். ஒன்று போடுவது மறதி நோய்க்கு ஆய்வில்லாத அளவு. ஐந்து போடுவது ரத்தக் கசிவு அபாயமுள்ள அளவு. வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் என்ற ரத்தம் நீர்க்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள், மூளையில் ரத்தக் கசிவு வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் தொடக் கூடாது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் வைட்டமின் இ, ரத்தக் கசிவுப் பக்கவாதத்தைக் கூட்டியது தெரிந்தது. ஆரோக்கியமான ஆண்களிடம் நடந்த செலெக்ட் ஆய்வில் நாளைக்கு வெறும் 400 யூனிட்டே புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது. அறுவை சிகிச்சை, பல் பிடுங்கல் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உறுதியான அல்சைமர், ஆரம்ப அல்லது நடுத்தர நிலை, ரத்தம் நீர்க்கும் மருந்து இல்லை, நரம்பியல் மருத்துவர் சம்மதம் என நான்கும் பொருந்தினால் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, கண்புரை ஆகியவற்றைச் சரிசெய்வதில்தான் பலன் அதிகம். காதுக் கருவி மருந்துக் கடையில் இல்லை என்பதால் அது நினைவுக்கு வருவதில்லை.

நடுக்குவாதம்

பார்க்கின்சன் என்ற இந்த நோயில் பதில் சுருக்கமானது: ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எதுவும் வேண்டாம். இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சிதையும்போதே பெராக்சைடு பிறக்கிறது, அந்தப் பகுதியில் இரும்பும் கூடுதல் என்பதால், கோட்பாட்டின்படி இங்கேதான் மிக நன்றாக வேலை செய்திருக்க வேண்டும். 800 பேரிடம் நடந்து 1993-ல் முடிவு வந்த டேட்டாடாப் ஆய்வில் 2000 யூனிட் வைட்டமின் இ நோயைத் தள்ளிப்போடவில்லை. கோ-என்சைம் க்யூ10-ஐ நாளைக்கு 1200, 2400 மி.கி. கொடுத்த பெரிய ஆய்வை, பலன் வர வாய்ப்பில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள்; முடிவு 2014-ல் வெளியானது. விலை உயர்ந்த அந்தக் காப்ஸ்யூலுக்குப் பதில், உடலில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் போடுவதே பலன் தரும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் லெவோடோபா உடலில் சேர்வது குறையும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடவேண்டும்.

நாட்டு மருந்துக் கடையில் ‘நரம்புத் தளர்ச்சிக்கு’ என்று விற்கும் பூனைக்காலி விதைத்தூளை ஆன்டிஆக்சிடன்ட் என்று நினைத்துவிடக் கூடாது. அதில் இருப்பதே லெவோடோபா. அது உண்மையிலேயே வேலை செய்யும். அதனால்தான் மருத்துவருக்குத் தெரியாமல் மாத்திரையோடு சேர்த்தால் உடல் தன்னிச்சையாக வளைந்து நெளிவது, எழுந்தால் தலைசுற்றி விழுவது, இல்லாதது தெரிவது எல்லாம் வரும்.

ஏற்காட்டுக்காரர்கள் காபியைப் பற்றிக் கேட்பார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. காபி குடிக்கிறவர்களுக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, நடுக்குவாதம் குறைவாக வருவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதற்குக் காரணம் காபியின் ஆன்டிஆக்சிடன்ட் என்பதைவிட, காஃபீன் மூளையில் அடினோசின் ஏற்பியை அடைப்பதுதான் என்று கருத இடமுண்டு. நோய் வந்த பிறகு காஃபீன் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் அறிகுறிகள் குறையவில்லை. பிடித்தால் குடிக்கலாம், மருந்தென்று நினைத்து டம்ளரைக் கூட்ட வேண்டாம். சிக்கரி கலந்த தூளில் காஃபீன் அந்த அளவுக்குக் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏ.எல்.எஸ்., பக்கவாதம்: டிரிப்ஸ் ஏற்றும் வழி

கை கால் தசைகள் மெலிந்துகொண்டே போகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு எடராவோன் என்ற ரேடிக்கல் எதிர்ப்பு மருந்தை ஜப்பான் 2015-லும் அமெரிக்கா 2017-லும் அனுமதித்தன. ஊசி வடிவில் முதல் சுற்று தொடர்ந்து 14 நாள், பிறகு 14 நாள் இடைவெளி. அடுத்த சுற்றுகளில் 14 நாளுக்குள் 10 நாள். ஒவ்வொரு முறையும் 60 மி.கி., ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். பலன் தெரிந்த ஆய்வில் இருந்தவர்கள் நோய் தொடங்கி இரண்டு வருடத்துக்குள், மூச்சுத்திறன் 80 சதவீதத்துக்கு மேல், எல்லா வேலையும் ஓரளவு தாங்களே செய்யக்கூடியவர்கள். அவர்களிடமும் நோய் நிற்கவில்லை, சரிவின் வேகம்தான் குறைந்தது. பின்னர் ஜெர்மனியில் நடைமுறையில் கொடுத்துப் பார்த்த பெரிய தொகுப்பில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஏற்காட்டு மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருக்கும் குடும்பம் இதைத் தேர்ந்தெடுத்தால், தசை வலு குறைந்தவரை மாதத்தில் பத்து நாள் இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கி ஏற்ற வேண்டும். அந்தப் பயணக் களைப்பையும் ஊசி ஏற்றும் ரத்தக்குழாயின் வீக்கத்தையும் பலனோடு ஒரே தராசில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆரம்ப நிலை, கீழே சேலத்தில் தங்க இடம், பணம் மூன்றும் இருந்தால் ஆறு மாதம் முயன்று பார்ப்பது நியாயம். நோய் முன்னேறியவருக்கு எங்கள் யோசனை வேறு: ரிலுசோல் என்ற ஏ.எல்.எஸ். மாத்திரை 50 மி.கி. இரண்டு வேளை, கல்லீரல் பரிசோதனையோடு. இரவில் மூச்சுக்கு உதவும் கருவி. விழுங்குவது கடினமாகும் முன்பே உணவூட்டும் குழாய் பொருத்துவது பற்றிய பேச்சு. ஆஸ்துமாவோ சல்ஃபைட் ஒவ்வாமையோ இருந்தால் எடராவோன் ஏற்றும் முன் சொல்லிவிட வேண்டும். பல தயாரிப்புகளில் சல்ஃபைட் இருக்கிறது.

பக்கவாதத்தில் என்.எக்ஸ்.ஒய்-059 என்ற ரேடிக்கல் எதிர்ப்பு மருந்து 2006-ல் நம்பிக்கை தந்து, அடுத்த ஆண்டு வெளியான இன்னும் பெரிய ஆய்வில் தோற்றது. வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால், நாலரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவதற்கு ஈடான ஆன்டிஆக்சிடன்ட் கிடையாது. மலையில் இருப்பவர்களுக்கு இறங்கும் நேரமும் அந்தக் கணக்குக்குள்தான்.

மஞ்சள், மிளகு, நெல்லி

லீ பஜாரில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பார்க்கிற ஊர் என்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மஞ்சளில் ஆன்டிஆக்சிடன்ட்டாகப் பேசப்படும் பொருளான குர்குமின், தூளில் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டியில் 100 மி.கி.க்கும் குறைவு. அல்சைமர் ஆய்வில் நாளைக்கு 2 கிராமும் 4 கிராமும் குர்குமினாகவே கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்தது மிகக் கொஞ்சம், பலன் தெரியவில்லை. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் குர்குமின் உடலில் சேர்வது இருபது மடங்காகும் என்பது 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு. அது உண்மை. ஆனால் பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவு திறப்பதில்லை. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடோயினும் ரத்தத்தில் கூடிவிடும், தள்ளாட்டம் வரும். பைப்பரின் சேர்த்த குர்குமின் காப்ஸ்யூல்களால் கல்லீரல் அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய ஏற்காட்டு மிளகைப் பொங்கலிலும் ரசத்திலும் போடுவதற்கும், காப்ஸ்யூலாக விழுங்குவதற்கும் அளவில் பெரிய தூரம்.

மஞ்சளை விரலியாக வாங்கி வீட்டுக் கணக்கில் அரைத்துக்கொள்வது நல்லது. பளபளப்புக்காக ஈயக் குரோமேட் கலந்த தூளில் இருக்கும் ஈயமே நரம்புக்கு நஞ்சு. நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். நாளைக்கு 200 முதல் 400 மி.கி. வைட்டமின் சி-யிலேயே ரத்தம் நிறைந்துவிடும், 1000 மி.கி. மாத்திரையின் மிச்சம் சிறுநீரில் போகும், கல் உள்ளவர்களுக்கு ஆக்சலேட்டையும் கூட்டும். கீரை, பயறு, நிலக்கடலை, மலை ஆரஞ்சு இவற்றைச் சாப்பிடப் பெரும்பாலோருக்குத் தடையில்லை. அதை நோய்க்கான சிகிச்சை என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதுதான் தடுக்கப்பட வேண்டியது.

கடைசியாக, வைட்டமின் இ-யே மருந்தாகும் ஒரு நோய் இருக்கிறது: ஏவெட் (AVED) என்ற மரபுவழித் தள்ளாட்ட நோய். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் பிள்ளைக்கு நடை தள்ளாடும், இருட்டில் நிற்க முடியாது, முழங்கால் தட்டினால் அசைவு இருக்காது, பேச்சு குழறும். பார்ப்பதற்கு ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்ற வேறொரு மரபுவழித் தள்ளாட்ட நோய் போலவே இருக்கும். காரணம், வைட்டமின் இ-யைக் கல்லீரலிலிருந்து ரத்தத்துக்கு அனுப்பும் புரதத்தின் மரபணுக் கோளாறு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் கோளாறு வந்து சேர வேண்டும் என்பதால், அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் செய்யும் நம் பக்கத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு 800 முதல் 1500 மி.கி. வரை ஆயுள் முழுவதும் கொடுத்தால் நோய் அங்கேயே நிற்கும், சீக்கிரம் தொடங்கினால் இழந்த திறனில் கொஞ்சம் திரும்பியும் வரும். இழந்தது முழுதாகத் திரும்பாது என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். தள்ளாடும் பிள்ளைக்கு யாரோ சொன்னார்கள் என்று காப்ஸ்யூலைத் தொடங்கிவிட்டால் ரத்த அளவு உயர்ந்து நோய் மறைந்துகொள்ளும். எனவே முதலில் ரத்தம். வெறும் வயிற்றில் எடுத்து, வெளிச்சம் படாமல் குழாயைச் சுற்றி அனுப்பச் சொல்லி, கொழுப்பு அளவையும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். கொழுப்போடு ஒப்பிட்டால்தான் வைட்டமின் இ குறைவா என்று சரியாகச் சொல்ல முடியும்.